கொத்துகிற கோழியின் வயிற்றில் என்ன?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு காலை நிகழ்ச்சியில் குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நம் வயிற்றுக்குள் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கும் நம் மனநிலைக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதை எடுத்துச் சொன்னேன். செய்தி நேரம் நெருங்கிவிட்டது. அவசரத்தில், "ஆக நேயர்களே, வயிற்றைச் சரி செய்யுங்கள், மனசு தானாகச் சரியாகிவிடும்" என்று முடித்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். வானொலியில் இப்படி ஒரு வரியில் முடித்துவைப்பது சுலபம். கேட்பவருக்கும் இனிக்கும்.

அன்று மாலையே சுங்கை சிப்புட்டிலிருந்து அத்தை அழைத்தார்.

"தம்பி, காலையில நீ பேசினதைக் கேட்டேன். வயிறு சரியில்லன்னா மனசும் சரியிருக்காதுன்னு சொன்னியே, அது கோழிக்கும் உண்டா?"

சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. மாமா பணி ஓய்வு பெற்ற பிறகு இருவரும் பொழுதுபோக்காக 14 முட்டைக் கோழிகளை வாங்கி வளர்க்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் கம்பி வலை அடித்த கொட்டகை. முதல் இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது.

"இப்ப ஒன்ன ஒன்னு புடுங்குதுங்க. ஒருத்தி முதுகுல இறகே இல்ல, செவந்து கெடக்கு. புடுங்கின இறகை முழுங்கிடுதுங்க, அதான் எனக்குப் பயமா இருக்கு. பக்கத்து வீட்டுக்காரரு மூக்கு நுனியை வெட்டிவிடச் சொல்றாரு. உங்க மாமா, கொத்துறவளைப் புடிச்சுக் குழம்பு வச்சிடலாம்ங்கிறாரு. நீதான் படிச்சிட்டுப் பேசுற ஆளாச்சே, என்னா செய்யலாம்னு சொல்லு."

"பார்த்துச் சொல்றேன் அத்தை" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால், பார்க்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அத்தை கேட்டது வேடிக்கையான கேள்வி இல்லை என்று. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் கனடாவிலும் பல்கலைக்கழகங்கள் இதே கேள்வியைத்தான் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

சண்டை வேறு, இது வேறு

கோழிகள் கொத்திக்கொள்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, யார் பெரியவள் என்று காட்டும் கொத்து. அது பெரும்பாலும் தலையைக் குறிவைக்கும். ஒரே ஒரு கொத்து. வாங்கியவள் விலகிப் போவாள். அத்தோடு கதை முடிந்தது. கோழி வளர்த்த எல்லாருக்கும் இது தெரியும்.

அத்தை பார்த்தது இரண்டாவது வகை. முதுகிலும் வாலடியிலும் இருக்கும் இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுப்பது. இதில் கோபமே தெரியாது. கொத்துகிற கோழி சிலிர்த்துக்கொண்டு பாய்ந்து வருவதில்லை. புல்லைக் கொத்த வருவதுபோல் நிதானமாக வரும், இறகைப் பிடுங்கும், பல சமயம் தின்றும்விடும். பிடுங்கப்படுகிற கோழிதான் துடிக்கும்.

இதன் விளைவு பார்ப்பதற்கு அசிங்கமாக இருப்பதோடு நிற்பதில்லை. இறகு போன கோழி உடல் சூட்டைக் காத்துக்கொள்ள அதிகமாகத் தின்ன வேண்டியிருக்கும். தோல் கிழிந்து ரத்தம் வந்துவிட்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தத் தொடங்கும். கடைசியில் உயிரே போகலாம். ஒன்றைப் பார்த்து இன்னொன்றும் பழகிக்கொள்ளும். 14 கோழிகளில் இப்படியென்றால், ஒரே கொட்டகையில் பல ஆயிரம் கோழிகள் இருக்கும் பண்ணையில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐரோப்பாவில் இது பெரிய தலைவலி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே பழைய பாணி நெருக்கடிக் கூண்டுகளுக்கு 2012 ஜனவரி 1 முதல் தடை. கோழிகளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று கொண்டுவந்த சட்டம்தான். ஆனால் கூண்டுக்குள் இருந்தவரை, கொத்துகிற கோழிக்கு எட்டியது பக்கத்தில் இருந்த சில கோழிகள் மட்டுமே. கூண்டைத் திறந்த பிறகு கொட்டகை முழுவதும் அதற்கு எட்டும். சுதந்திரம் கொடுத்த இடத்தில் புதிய துன்பம் பரவ வழி கிடைத்துவிட்டது. அதனால்தான், கோழி ஏன் கொத்துகிறது என்பதை அடிவரை போய்ப் பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தது.

தேடப் பிறந்த அலகு

முதல் விடை 1980களில் வந்தது. நெதர்லாந்து ஆய்வாளர் ஹாரி புளோக்ஹவுஸ், இறகைக் கொத்துவது உண்மையில் தரையைக் கொத்த வேண்டிய கொத்து திசைமாறிப் போனதுதான் என்று விளக்கினார். கிளறித் தேட மண்ணோ குப்பையோ இல்லாத இடத்தில், அந்த அலகு பக்கத்துக் கோழியின் முதுகில் தேடத் தொடங்கிவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள நாம் தூரம் போக வேண்டாம். நம் நாட்டுக் காட்டோரங்களில் இன்றும் 'ஆயாம் ஹுத்தான்' ஓடித் திரிகிறது. அந்தச் சிவப்புக் காட்டுக்கோழிதான் உலகத்தின் எல்லா வளர்ப்புக் கோழிகளுக்கும் மூதாதை. உறுதியாக வளர்ப்புக் கோழி என்று சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்றும், அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது என்றும் 2022இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. நெல்லும் தினையும் விளைந்த இடத்தைத் தேடி வந்த பறவை அது. தேடுவதுதான் அதன் பிழைப்பு.

ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் மேரியன் டாக்கின்ஸ் 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். விலங்குக் காட்சி சாலை ஒன்றில் சுதந்திரமாகத் திரிந்த காட்டுக்கோழிகளை நிமிடம் நிமிடமாகக் கவனித்து எழுதியது. அவற்றுக்குத் தீனி தவறாமல் கிடைத்தது. இருந்தும், அவை நடமாடிக்கொண்டிருந்த நேரத்தில் சுமார் 60 விழுக்காட்டு நிமிடங்களில் தரையைக் கொத்தின. 34 விழுக்காட்டு நிமிடங்களில் காலால் கிளறின. வயிறு நிறைந்தாலும் தேடல் நிற்கவில்லை.

இன்றைய முட்டைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்குமேல் இடும்படி மாற்றப்பட்டுவிட்டது. அதன் தீனி அரைத்த மாவாகத் தொட்டியில் வந்து விழுகிறது. தின்று முடிக்கக் கொஞ்ச நேரம் போதும். மிச்சப் பொழுது முழுக்க அந்த அலகுக்கு வேலை இல்லை.

இதுவரை சரி. ஆனால் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. ஒரே கொட்டகை, ஒரே தரை, ஒரே தீனி. அப்படியிருந்தும் சில கோழிகள் மட்டும் கொத்துகின்றன. மற்றவை கொத்துவதில்லை. அத்தை வீட்டிலும் அப்படித்தான். ஏன்?

இரண்டு வம்சங்கள்

1990களில் டென்மார்க்கில் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். வெள்ளை லெக்ஹார்ன் கோழிகளில் அதிகமாக இறகு கொத்துபவற்றைத் தனியாகவும், மிகக் குறைவாகக் கொத்துபவற்றைத் தனியாகவும் பிரித்து, தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினார்கள். பிறகு அந்த வேலையை ஜெர்மனியின் ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகம் தொடர்ந்தது. விளைவாக இரண்டு வம்சங்கள் கிடைத்தன: கொத்தும் வம்சம், கொத்தாத வம்சம். பழக்கத்தின் ஒரு பங்கு பிறவியிலேயே வருகிறது என்பது இதனால் தெளிவானது.

அடுத்து, இந்த இரண்டு வம்சங்களின் குடலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும், வழக்கமான எச்சத்துக்கு நடுவே ஒருநாளைக்குச் சில தடவை சாக்லேட் நிறத்தில், பிசுபிசுப்பாக, நாற்றம் கூடிய எச்சம் ஒன்று விழும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது. கோழிக்குக் குருட்டுக்குடல் இரண்டு. நீளமான இரண்டு பைகள்போல் தொங்கும். பாக்டீரியாக்கள் மிக நெருக்கமாகக் குடியிருப்பது அங்கேதான். சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வந்த நார்ப்பொருளை அவை புளிக்கவைத்து, கோழிக்குப் பயன்படும் அமிலங்களாக மாற்றித் தருகின்றன.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இலும், நெதர்லாந்தின் வாகெனிங்கன் ஆய்வாளர்கள் அதற்கடுத்த ஆண்டிலும் வெளியிட்ட முடிவுகள் ஒரே பக்கம் கைகாட்டின. கொத்தும் வம்சத்தின் குடலில் 'லாக்டோபாசிலஸ்' வகை பாக்டீரியாக்கள் குறைவு; 'கிளாஸ்ட்ரிடியா' குடும்பத்தைச் சேர்ந்தவை அதிகம். லாக்டோபாசிலஸ் நமக்குப் புதியதல்ல. தயிரைப் புளிக்கவைக்கும் கூட்டத்திலும் அதன் உறவினர்கள் உண்டு.

இந்த இடத்தில்தான், "அத்தை, கோழிகளுக்குத் தயிர் ஊற்றுங்கள்" என்று சொல்லிவிடலாமா என்று எனக்கு ஆசை வந்தது. காலை நிகழ்ச்சியில் நான் செய்த தவறும் இதேதான். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொண்டேன்.

வயிற்றிலிருந்து மூளைக்கு

குடலில் இருக்கும் ஒரு பாக்டீரியா, கோழியின் அலகு எங்கே போக வேண்டும் என்பதில் எப்படித் தலையிட முடியும்?

ஒரு வழி செரோடோனின். மனத்தின் அமைதியோடும் பொறுமையோடும் தொடர்புடையதாகச் சொல்லப்படும் பொருள் அது. நம் உடலிலுள்ள செரோடோனினில் சுமார் 90 விழுக்காடு மூளையில் இல்லை, குடலில்தான் இருக்கிறது. குடலில் உண்டாகும் செரோடோனின் மூளைக்குள் நேரடியாகப் போக முடியாது. ஆனால் அதைத் தயாரிக்கத் தேவையான மூலப்பொருள் போகும். அதன் பெயர் டிரிப்டோஃபான். உடலால் அதை உண்டாக்க முடியாது; உணவிலிருந்துதான் வர வேண்டும். அப்படி வருவதில் ஒரு பங்கைக் குடல் பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதிலும் அவற்றுக்குக் கை உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், குஞ்சுகளின் தீனியில் டிரிப்டோஃபானைக் கூட்டியபோது அவற்றின் மெல்லிய இறகுக் கொத்து குறைந்தது.

மற்ற வழிகளும் உண்டு. குடலுக்கும் மூளைக்கும் நேர்க்கம்பிபோல் ஓடும் வேகஸ் நரம்பு ஒன்று. நோயெதிர்ப்பு ஆற்றல் இன்னொன்று. பறவைகளில் இது வெறும் ஊகம் இல்லை என்பதற்குப் பிரான்ஸில் காடைகளை வைத்துச் செய்த ஆய்வு நல்ல சான்று. நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட காடைகள், பாக்டீரியாக்களோடு வளர்ந்த காடைகளைவிடப் பயம் குறைந்தவையாக நடந்துகொண்டன. ஒரு பறவை எவ்வளவு அஞ்சுகிறது என்பதில் அதன் வயிற்றுக்கும் பங்கு இருக்கிறது.

கோழியா முட்டையா?

இப்போது எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம்.

கொத்தும் கோழி இறகைத் தின்கிறது. இறகு எளிதில் செரிக்காது. அது குடலுக்குள் போனால் அங்கே இருக்கும் பாக்டீரியாக் கூட்டமும் மாறத்தானே வேண்டும்? அப்படியானால், பாக்டீரியா மாறியதால் கோழி கொத்துகிறதா, கொத்தித் தின்றதால் பாக்டீரியா மாறியதா?

இதையும் சோதித்திருக்கிறார்கள். 2012இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், வளரும் கோழிகளின் தீனியிலேயே இறகைக் கலந்து கொடுத்தார்கள். குடல் பாக்டீரியாக்களும் அவை உண்டாக்கும் பொருள்களும் மாறின. அதாவது, நாம் காரணம் என்று நினைப்பதில் ஒரு பங்கு விளைவாகவும் இருக்கலாம். கோழி முதலா முட்டை முதலா என்ற பழைய கேள்வி, இந்தத் தடவை கோழியின் வயிற்றுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, நேராகவே சோதித்துவிடலாமே? ஒரு வம்சத்தின் பாக்டீரியாவை இன்னொரு வம்சத்துக்குக் கொடுத்துப் பார்த்தால்? வாகெனிங்கனில் அதையும் செய்தார்கள். முடிவு 2020இல் வெளிவந்தது. முட்டையிலிருந்து வெளிவந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி இரண்டு வாரம், நாள்தோறும் குஞ்சுகளின் வாய்வழியே கொத்தும் வம்சத்தின் அல்லது கொத்தாத வம்சத்தின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்தார்கள். குஞ்சுகளின் நடத்தையிலும் செரோடோனினிலும் நோயெதிர்ப்பிலும் சில மாற்றங்கள் தெரிந்தன. ஆனால் அவற்றின் குடல் பாக்டீரியாக் கூட்டம் பெரிதாக மாறவில்லை. கொத்துகிற குஞ்சு கொத்தாத குஞ்சாக உருமாறிய கதை இல்லை அது.

2022இல் குவெல்ஃப் ஆய்வாளர்கள் வெளியிட்டது இன்னும் நடைமுறைக்கு நெருக்கமானது. அறிமுகமில்லாத கோழிகளோடு கலந்துவிடுவது போன்ற மன அழுத்தம் கொடுத்தபோது கோழிகளின் இறகுப் போர்வை மோசமானது. லாக்டோபாசிலஸ் ராம்னோசஸ் என்ற பாக்டீரியாவைக் கொடுத்தபோது நிலைமை மேம்பட்டது. ஆனால் குறுகிய காலத்துக்கு மட்டும். நம்பிக்கை தரும் செய்திதான். தீர்ந்தது பிரச்சினை என்று பலகை மாட்டும் அளவுக்கு இல்லை.

ஆக, வயிறும் கொத்தும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுற்றுகின்றன. அந்தச் சுற்றில் ஒரு கண்ணிதான் பாக்டீரியா. "வயிற்றைச் சரி செய்தால் மனசு தானாகச் சரியாகிவிடும்" என்று நான் சொன்னதில் 'தானாக' என்ற சொல்தான் தவறு.

தாய் இல்லாத முதல் நாள்

இன்னொரு கேள்வி. கோழிக்கு அந்தப் பாக்டீரியாக்கள் முதலில் எங்கிருந்து வருகின்றன?

தோட்டத்து லயத்தில் வளர்ந்த பாட்டியைக் கேட்டால் சொல்வார். கோழி அடைகாக்கும், குஞ்சு பொரிக்கும், குஞ்சுகள் தாயின் சிறகுக்குள் புகுந்து கிடக்கும், அவள் கிளறிக் காட்டிய குப்பையைக் கொத்தும், அவள் எச்சம் விழுந்த மண்ணிலேயே மேயும். நமக்கு அருவருப்பாகத் தெரிவதுதான் குஞ்சுக்குச் சீதனம். எதைக் கொத்த வேண்டும் என்ற பாடமும், வயிற்றுக்குத் தேவையான பாக்டீரியாவும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கின்றன.

பண்ணைக் குஞ்சுக்குத் தாயே கிடையாது. பொரிப்பகத்தில் இயந்திரத்துக்குள் பிறக்கிறது. ஆயிரக்கணக்கான ஒரே வயதுக் குஞ்சுகளோடு பெட்டியில் ஏறிப் பண்ணைக்குப் போகிறது. அதன் குடலில் முதலில் குடியேறுவது யார் என்பது, வழியில் எதைச் சந்தித்தது என்பதைப் பொறுத்தது.

இந்த வெற்றிடம் எவ்வளவு முக்கியம் என்பதை ஃபின்லாந்து அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டது. அங்கே கறிக்கோழிகளில் சால்மொனெல்லா கிருமி பரவியபோது, எஸ்கோ நுர்மி, மார்ஜாட்டா ரந்தாலா என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைப் புதுக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். அந்தக் குஞ்சுகளைச் சால்மொனெல்லா எளிதில் பிடிக்கவில்லை. 1973இல் அந்த முடிவு வெளியானது. நல்லவர்கள் முதலில் வந்து இடம் பிடித்துவிட்டால் கெட்டவர்களுக்கு நாற்காலி இல்லை என்பதுதான் அதன் சாரம். தாய்க்கோழி காலங்காலமாகச் செய்துவந்ததை இரண்டு விஞ்ஞானிகள் புட்டியில் அடைத்துக் கொடுத்தார்கள்.

அலகை வெட்டினால்?

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வழி புதியதில்லை. உலகம் முழுவதும் பண்ணைகளில் அலகின் நுனியை வெட்டும் வழக்கம் உண்டு. முன்பு சூடான தகட்டால், இப்போது பல இடங்களில் பிறந்த அன்றே அகச்சிவப்புக் கதிரால். காயம் குறைகிறது என்பதும் உண்மை. ஆனால் அலகு நம் நகம்போல் உணர்ச்சியற்றதில்லை. அதன் நுனியில் நரம்புகள் நிறைய. கோழிக்கு அதுதான் விரல். வளர்ந்த கோழியின் அலகைச் சூட்டுக் கத்தியால் வெட்டினால், நரம்பு நுனிகள் முடிச்சாகி நெடுநாள் வலி தரலாம் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதைவிட முக்கியமான ஒன்று: வெட்டிய பிறகும் கோழி கொத்தத்தான் பார்க்கும். கொத்தும் ஆயுதம் மழுங்குகிறதே தவிர, கொத்தத் தூண்டும் காரணம் அப்படியே இருக்கிறது. சுவீடன், நார்வே, ஃபின்லாந்து நாடுகள் இதை முன்பே தடுத்துவிட்டன. ஜெர்மனியில் அரசும் கோழி வளர்ப்புத் துறையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2017 தொடக்கத்திலிருந்து அலகு வெட்டிய முட்டைக் கோழிகளைப் பண்ணையில் விடுவதில்லை. நெதர்லாந்தில் 2018 செப்டம்பர் முதல் தடை. வெட்டுவதை நிறுத்தினால் வேறு வழி கண்டுபிடித்தே ஆக வேண்டும். குடல் ஆய்வுகளுக்கு இத்தனை முக்கியத்துவம் கிடைப்பதற்கு இதுவும் காரணம்.

வேறு வழி என்ன? நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2007இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு. வழக்கமான தீனியோடு சில கோழிகளுக்குக் கேரட், சிலவற்றுக்குப் புளிக்கவைத்த மக்காச்சோளத் தழை, சிலவற்றுக்குப் புளிக்கவைத்த பார்லி, பட்டாணித் தழை கொடுத்தார்கள். இவை கிடைத்த கோழிகளில் இறகுக் கொத்து குறைந்தது, இறகுப் போர்வை நன்றாக இருந்தது, குடலின் நிலையும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் மாறின. எதுவும் கிடைக்காத கூட்டத்தில் இறப்பு 15 விழுக்காட்டைத் தொட்டது; கிடைத்தவற்றில் 3 விழுக்காட்டுக்கும் கீழே.

அலகுக்கு வேலை கிடைத்ததால் நடந்ததா, குடலுக்கு நார்ச்சத்து கிடைத்ததால் நடந்ததா? இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு கோழியின் வாழ்க்கையில் அவை இரண்டும் ஒன்றுதான். கொத்திக் கிழித்துத் தின்ன வேண்டிய பொருள், தின்ற பிறகு பாக்டீரியாவுக்கு உணவாகிறது. மாவாகக் கொட்டும் தீனி இரண்டையும் சேர்த்தே பறித்துவிடுகிறது.

அத்தைக்கு நான் சொன்னது

இரண்டு வாரம் கழித்து அத்தையை அழைத்தேன். முதலில் கேள்விகள் கேட்டேன். தீனியை அண்மையில் மாற்றினீர்களா? ஆமாம், வேறு கடையில் மலிவாகக் கிடைத்தது, இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. கூட்டத்தில் புதுக் கோழி சேர்த்தீர்களா? ஆமாம், நான்கு. தரையில் ஏதாவது போட்டிருக்கிறீர்களா? "இல்லப்பா, தினம் தண்ணி ஊத்திக் கழுவி விட்டுடுவேன். பளிச்சுன்னு இருக்கும்."

பளிச்சென்று இருந்ததுதான் சிக்கலின் ஒரு பாதி. திடீரென்று தீனியை மாற்றுவதும் புதுக் கோழியைக் கலப்பதும் இறகுக் கொத்தைத் தூண்டக்கூடியவை.

அதனால் எளிமையாகச் சொன்னேன். ஒரே தீனியில் நில்லுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் பழையதோடு கலந்து மெதுவாக மாற்றுங்கள். தீனியில் புரதமும் உப்பும் போதுமான அளவு இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் கோழி இறகைத் தேடும். இரவில் டார்ச் அடித்து, கம்புகளில் பேன், உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். தரையில் உமியையும் காய்ந்த இலையையும் கனமாகப் போட்டு, கொஞ்சம் நெல்லையோ சோளத்தையோ அதற்குள் தூவி மறைத்துவிடுங்கள். கங்கோங் கீரையைக் கட்டாகக் கட்டி, தாவிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள். முதுகு சிவந்தவளைக் காயம் ஆறும்வரை தனியாக வையுங்கள். ஆனால் மற்றவர்கள் கண்ணில் படும் இடத்தில்.

"பாக்டீரியா மருந்து ஒன்னும் வேணாமா?" என்று கேட்டார். ரேடியோவில் கேட்டதை அத்தை மறக்கவில்லை.

"இப்போதைக்கு வேணாம் அத்தை. கிளறித் தின்ன ஏதாவது கிடைச்சா, பாக்டீரியாவுக்கும் அதுதான் சாப்பாடு."

மாமா சிரித்த சத்தம் பின்னால் கேட்டது. குழம்பு ஒத்திவைக்கப்பட்டது.

போன மாதம் நேரில் போய்ப் பார்த்தேன். கொட்டகை முன்புபோல் பளிச்சென்று இல்லை. உமி வாசல்வரை சிதறிக் கிடந்தது. கோழிகள் காலால் பின்னோக்கிச் சீய்த்துவிட்டு, குனிந்து பார்த்து, மறுபடியும் சீய்த்துக்கொண்டிருந்தன. முதுகு சிவந்திருந்தவளுக்குக் குச்சி குச்சியாகப் புது இறகு முளைத்திருந்தது. கொத்துகிறவள் முழுக்கத் திருந்திவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை பக்கத்துக்காரியின் வாலை இழுத்தாள். பிறகு கீரைக் கட்டு ஆடியதும் அந்தப் பக்கம் ஓடிவிட்டாள். எது வேலை செய்தது, உமியா, கீரையா, தீனியை மாற்றாமல் விட்டதா, அவள் வயிற்றுக்குள் என்ன மாறியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. 14 கோழிகளை வைத்து அப்படிச் சொல்லவும் கூடாது.

நம் நாட்டில் முட்டைக் கோழிகளில் பெரும்பாலானவை இன்னும் கூண்டில்தான் இருக்கின்றன. பேரங்காடியில் 'கூண்டில்லா முட்டை' என்ற அட்டையும் இப்போது கண்ணில் படுகிறது. அடுத்த தடவை அதை எடுக்கும்போது, கூண்டு இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: அந்தக் கோழிக்குக் கிளறுவதற்குத் தரை இருக்கிறதா? விற்பவரிடம் பதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நாலு பேர் கேட்டால்தான் ஐந்தாவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

வானொலியிலும் திருத்திக்கொண்டேன். மறுவாரம் அதே நேரத்தில், அந்த ஒரு வரியை அவசரத்தில் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, அத்தையின் கோழிக் கதையைச் சொன்னேன். இந்தத் தடவை செய்தி நேரம் வந்தும் முடிக்கவில்லை. தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் சந்திப்போம்.